மேல்தளத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னவர்கள்

அண்ணை,

தேம்ஸைக் கடக்கிற வூலிச் பெரிப் படகில் டீசல் மணம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. போன சனிக்கிழமை வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் 474 பஸ்ஸில் ஏறிப் போனேன். பெரியில் கால் வைத்ததும் அந்த மணம் மூக்கில் ஏறியது. "உது ஒரு டீசலோ? கப்பல் டீசல் மணந்தால் நீ வயித்தைப் பிரட்டிச் சத்தியெல்லோ எடுப்பாய்" என்று நீங்கள் சொல்வதற்காகக் கம்பியோரம் கொஞ்சம் இடம் விட்டு நின்றேன். நாயோடு வந்த ஒரு பெண் அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது, இது ஆள் இருக்கிற இடம் என்று?

உங்களுக்குச் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் போனேன். சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கள். நான் எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவன் என்று நீங்களே எத்தனை தரம் திட்டியிருக்கிறீர்கள்.

என் மனைவி காலமான பிறகு மனோர் பார்க் வீட்டின் மேலறைக்கு ஆள் தேடியபோதுதான் நீங்கள் வந்தீர்கள். ஒரு பை, ஒரு ரேடியோ. குட்மேய்ஸில் தமிழ்க் கடை ஒன்றின் களஞ்சியத்தில் அரிசி மூட்டை இறக்குகிற வேலை. "கப்பலில நிண்டனான்" என்று மட்டும் சொன்னீர்கள். எந்தக் கப்பல், யாருடைய கப்பல் என்று நான் கேட்கவில்லை. நம்முடைய ஆட்களிடம் சில கேள்விகளைக் கேட்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். நீங்கள் வந்து முதல் கிழமையே என் சமையலைப் பழித்தீர்கள். அன்றிலிருந்து வீட்டில் கதைக்க ஆள் இருந்தது.

பிறகு அந்தப் புத்தகம் வந்தது. இல்ஃபோர்டில் பழைய சாமான் விற்கும் ஒரு தர்மக் கடையில் நீங்கள் வாங்கிய தடித்த புத்தகம். அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் பிரிந்து அடிபட்ட காலத்தில் தெற்குப் பக்கம் நின்ற ஒரு கடற்படை அதிகாரியின் கதை. அட்டையில் அந்தத் தெற்கத்திய கொடி. முதல் நாள் பஸ்ஸில் அதை விரித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்த கானா நாட்டு அம்மா கொடியைப் பார்த்தா, உங்கள் முகத்தைப் பார்த்தா, எழும்பி வேறு சீட்டுக்குப் போனா. வீட்டுக்கு வந்ததும் கோயில் கலண்டர் தாளைக் கிழித்து, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் உறை போட்டீர்கள். அதன் பிறகு அந்த அதிகாரி மயில் வாகனத்தில் முருகன் படத்துக்குக் கீழேதான் கடலில் திரிந்தார்.

சனிக்கிழமைகளில் பெரியில்தான் கதை. காசு கேட்காத பெரி. அக்கரைக்குப் போய், இறங்கி, திரும்ப ஏறி, இக்கரைக்கு வந்து, திரும்ப ஏறுவோம். கயிறு கட்டுகிற ஆட்களுக்கு நம்மைத் தெரிந்துவிட்டது. நீங்கள் அவர்கள் முடிச்சுப் போடுகிற விதத்தைப் பார்த்து முகம் சுளிப்பதும் தெரிந்திருக்கும்.

"அவன் முதலில வடக்கின்ரை கடற்படையில இருந்தவன்" என்று தொடங்கினீர்கள். "சொந்த மாநிலம் பிரிஞ்சோடனை வேலையை விட்டுட்டு வந்திட்டான். வந்தால் தெற்கிட்டைக் கப்பல் இல்லை. கடற்படை இருக்கு, அதிகாரி இருக்கு, கப்பல் மட்டும் இல்லை. விளங்குதோ?"

"எங்கடை ஆக்களின்ரை சங்கம் மாதிரி" என்றேன். "தலைவர் இருப்பார், செயலாளர் இருப்பார், ஆக்கள் மட்டும் இல்லை."

நீங்கள் சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்காக என்னை முறைத்தீர்கள். ஆற்றுக் காவலிலும் கரையோரப் பீரங்கியிலும் கொஞ்சக் காலம் கிடந்த அந்த ஆளை, கப்பல் வாங்குகிற வேலையாக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். போர்க்கப்பல் விற்பது இந்த நாட்டுச் சட்டத்துக்கு மாறு. எனவே வேறொருவன் பெயரில் ஒரு வியாபாரக் கப்பலை வாங்கி, பம்பாய்க்கு நிலக்கரி கொண்டுபோகிறோம் என்று சொல்லி, இதே தேம்ஸ் ஆற்றால் இறக்கினார்கள். அதிகாரி சாதாரணப் பயணியைப்போல் பொய்ப் பெயரில் ஏறியிருந்தான். "இஞ்சாலைதான் போனது" என்று கையை நீட்டிக் காட்டினீர்கள். நான் பார்த்தேன். சீனி ஆலையும் விமான நிலையத்தில் இறங்கும் விமானமும்தான் தெரிந்தன. உங்களுக்குக் கப்பல் தெரிந்தது.

நடுக்கடலில் ஒரு தீவுக்குப் பக்கத்தில் இன்னொரு கப்பல் பீரங்கிகளையும் கப்டனையும் கொண்டுவந்தது. அந்த அதிகாரி கப்டனுக்கு அடுத்த ஆள். "போருக்குப் போறம், வாறியளோ?" என்று கேட்டபோது மாலுமிகளில் பாதிக்கு மேல் வர மறுத்துவிட்டார்கள். அதிகாரிகளே கயிறு இழுத்துக் கப்பலை ஓட்டினார்கள். பிறகு ஆபிரிக்காவைச் சுற்றி, அவுஸ்திரேலியா போய், வடக்கே பனிக்கட்டிக் கடல் வரைக்கும். வடக்கின் வியாபாரக் கப்பல்களைப் பிடிப்பது, ஆட்களை இறக்குவது, கப்பலைக் கொளுத்துவது. திமிங்கிலம் பிடிக்கப் போன ஏழைக் கப்பல்களையும் விடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணை, உவங்கள் என்னத்துக்கு அடிபட்டவங்கள்? மனிசரை அடிமையா வைச்சிருக்கிறதுக்கு. அந்தக் கானா அம்மா எழும்பிப் போனது சரிதானே?"

"சரிதான்" என்றீர்கள் உடனே. "அவ எழும்பினது சரி. அவன் நல்லவன் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. அவன்ரை பக்கம் தோத்தது உலகத்துக்கு நல்லது. நான் பாக்கிறது வேறை."

"வேறை என்ன?"

"போர் முடிஞ்சது அவனுக்கு எப்ப தெரிஞ்சது? அதைத்தான் பாக்கிறன்."

அதற்குப் பிறகு கதை அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. கிழமைக்குக் கிழமை அதே பக்கம். பிடித்த கப்பலொன்றில் பத்திரிகை கிடைத்தது. தெற்கின் பெரிய தளபதி சரணடைந்துவிட்டார் என்று அதில் இருந்தது. ஆனால் அதே தாளில், போர் தொடரும் என்று அவர்களுடைய தலைவர் சொன்னதும் இருந்தது. இரண்டாவதை நம்பினார்கள். இன்னும் கப்பல்களைக் கொளுத்தினார்கள். கடைசியில் எதிரே வந்த ஓர் ஆங்கிலக் கப்பல் எல்லாம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது என்று அடித்துச் சொன்னது. நாடே இல்லை. கொடிக்கு ஆள் இல்லை. "முடிஞ்சுதே, பிறகென்ன?" என்று நான் கொட்டாவி விட்டேன். நீங்கள் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"பிறகு, கப்டன் எல்லாரையும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டான்" என்றீர்கள். "சமையல்காரன் வரைக்கும். கூப்பிட்டுச் சொன்னவன். முடிஞ்சுது, இனி எங்களுக்கு நாடில்லை எண்டு. அடிமை வைச்சிருந்தவங்கள் தம்பி. அவங்கள் சொன்னவங்கள்."

அன்று உங்கள் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் கேலி செய்யவில்லை.

அடுத்த கிழமை கோயிலில் அது நடந்தது. நாம் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா ஐயரிடம் பெயரும் நட்சத்திரமும் சொன்னா. சுதன், உத்தரட்டாதி. நீண்ட ஆயுள் வேண்டி அர்ச்சனை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், தான் ஸ்ட்ரெதமிலிருந்து வருவதாகவும், வருசா வருசம் பிள்ளையின் நட்சத்திரத்துக்கு இங்கே வருவது நேர்த்திக்கடன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தா. "மகன் கப்பலில நிண்டவன். எங்கையோ ஒரு நாட்டில பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். விடுவாங்கள்." உங்கள் தட்டிலிருந்த தேங்காய் உருண்டு போய்த் தூணில் முட்டியது. எடுக்கக் கூடக் குனியவில்லை நீங்கள்.

அன்று பின்னேரம் குசினி மேசையில் வைத்துச் சொன்னீர்கள். தேத்தண்ணி ஆறி மேலே ஆடை படிந்துவிட்டது.

சுதன் நின்ற அந்த இயக்கக் கப்பலில், புத்தகத்து அதிகாரியைப்போல் நீங்களும் கப்டனுக்கு அடுத்த ஆள். ரேடியோவும் உங்கள் பொறுப்பு. கரையிலிருந்து செய்தி வருவது நின்ற பிறகு வெளிநாட்டு வானொலியைப் பிடித்தீர்கள். ஊரில் சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்று அது சொன்னது. கப்டனிடம் போனீர்கள். "பெடியளுக்குச் சொல்லாதை. ஒரு கிழமை பாப்பம்" என்றார் அவர். நீங்கள் சொல்லவில்லை. அந்தக் கிழமைக்குள், முன்பே போட்ட திட்டப்படி, நிலவில்லாத நேரம் பார்த்து ஒரு சின்னப் படகைக் கரைப் பக்கம் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர். ஒருவன் சுதன். படகை இறக்கியது நீங்கள்.

"இறங்கேக்கை கேட்டவன் தம்பி. அண்ணை, ரேடியோ என்ன சொல்லுது எண்டு. ஒண்டுமில்லை, இரைச்சல்தான் எண்டு சொன்னனான்."

விடியப் படகு திரும்பி வந்தது. மற்றவன் உயிரோடு இருந்தான். சுதனின் உடல்தான் வந்தது. தார்ப்பாயில் சுற்றி, உங்களுக்குப் பாதி மட்டுமே பாடமாக இருந்த ஒரு தேவாரத்தைச் சொல்லி, கடலில் விட்டீர்கள். "மிச்சப் பாதி வரேல்லை" என்று சொல்லும்போதுதான் அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். எனக்கு உங்கள் தோளைத் தொடத் தெரியவில்லை. எழும்பிப் போய்க் கேத்திலைத் திரும்பப் போட்டேன்.

அந்த அம்மாவிடம் போக வேண்டும் என்று முடிவெடுத்தது நீங்கள். போகாதேங்கோ என்று சொன்னது நான். அந்த நம்பிக்கையிலே அவ உயிர் வாழட்டும் என்றேன். "செத்த பிள்ளைக்கு ஆயுள் கேக்கிறா தம்பி. உதைப் பாத்துக்கொண்டு நான் தட்டோடை பின்னாலை நிக்கிறதோ?" என்றீர்கள். கோயிலில் விலாசம் விசாரித்துக்கொண்டு நானும் கூட வந்தேன்.

ஸ்ட்ரெதமில் கடைக்கு மேலே சின்ன வீடு. கோயிலுக்குக் காசு சேர்க்க வந்தவர்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தா. உட்காரச் சொல்லி வடையும் தேத்தண்ணியும் வைத்தா. "அம்மா, நான் சுதனோடை கப்பலில நிண்டனான்" என்று நீங்கள் சொன்னதும் அந்த முகம் இருந்த இருப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "எங்கை இருக்கிறான் பிள்ளை? எந்த நாட்டில?" என்று உங்கள் கையைப் பிடித்தா.

நீங்கள் சொன்னீர்கள். ஒன்றையும் மறைக்கவில்லை, ரேடியோவைக்கூட. கப்டன்தான் சொல்ல வேண்டாம் என்றவர் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவ கையை எடுத்தா. "கேட்டனீ" என்றா. "முடிஞ்சுது எண்டு கேட்டும் என்ரை பிள்ளையை இறக்கி விட்டனீ." நீங்கள் ஓம் என்றீர்கள். "இவ்வளவு காலமும் எனக்கு ஒரு பிள்ளை இருந்தவன். இண்டைக்கு நீ வந்து அவனையும் எடுத்துப்போட்டாய். எழும்பு. ரெண்டு பேரும் எழும்புங்கோ."

படிக்கட்டில் இறங்கும்போது மேலே கதவு சாத்திய சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னீர்கள்: "அவ பிள்ளை செத்த நாளைக் கேக்கேல்லை."

எனக்கு உடனே விளங்கியது. திதி தெரியாமல் திவசம் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்யாமல், வருச முடிவில் ஆட்டைத் திவசமும் செய்யாமல், ஒரு பிள்ளை எங்கும் சேராமல் நிற்கிறது. நாள் தெரியாதவர்களுக்கு ஐயர்மார் ஏதாவது வழி சொல்லுவார்கள்தான். ஆனால் தெரிந்த நாள் ஒன்று இருக்கும்போது அதைத் தாயிடம் கொடுக்காமல் வைத்திருப்பது எப்படி? கப்பலைக் கைவிட்டபோது பதிவுகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன. தேதி உங்களுக்கு நினைவில்லை. ஆனால் நிலவு நினைவிருந்தது. கடலில் நின்ற ஆளுக்கு நிலவு மறக்காது என்றீர்கள். சுதன் திரும்பி வந்த விடியலில் கிழக்கே நகக்கீற்று அளவில் பிறை எழும்பியது. அடுத்த நாள் அதுவும் இல்லை. "வைகாசித் தேய்பிறை. அபரபக்கச் சதுர்த்தசி. உனக்குச் சொல்லி வைக்கிறன் தம்பி. ஒருநாள் கேப்பா."

"நீங்களே சொல்லுங்கோவன்."

"என்னட்டைக் கேக்க மாட்டா."

மாசியில் நீங்கள் போய்விட்டீர்கள். கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மயானத்தில் நடந்த சடங்கை, கனடாவில் இருக்கிற உங்கள் மருமகன், சகோதரியின் பிள்ளை, போனில் பார்த்துக்கொண்டிருந்தான். கடை ஆட்கள் நாலைந்து பேர், ஐயர், நான். கொள்ளி வைக்க உரிமைக்காரர் யார் என்று கேட்டபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் போய்த் தகன அடுப்பின் பொத்தானை அழுத்தினேன். உங்களுக்கு நான் யார் என்று அந்த மயானத்துக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டுக்காரர் என்றுதான் சொல்லியிருப்பேன், வாடகை வாங்குகிறவர் என்று. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு எனக்கு ஒரே பயம். இந்த உலகத்தில் அந்தச் சதுர்த்தசியைத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். எனக்கும் பிறஷர், சீனி எல்லாம் இருக்கிறது. நாளைக்கு மாடிப்படியில் விழுந்தேன் என்றால் அந்தப் பிள்ளையின் நாளும் என்னோடு போய்விடும். மில்டன் கீன்ஸில் இருக்கும் மகளிடம் சொல்லி வைப்போம் என்று போன் எடுத்தேன். "அப்பா, வாட்ஸ் அபரபக்கம்?" என்று கேட்டாள். விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. ஸ்ட்ரெதமுக்கே போவோம் என்று இரண்டு தரம் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். எழும்பு என்று சொன்ன வீட்டுக்குக் கூப்பிடாமல் எப்படிப் போவது? பேசாமல் திரும்பி வந்து, சோறு வடித்து, இரண்டு பேருக்குக் காணுகிற சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அளவு இன்னும் கைக்கு வரவில்லை.

இனித்தான் சங்கதி. போன வெள்ளிக்கிழமை கோயிலில் சப்பாத்துக் கழற்றுகிற இடத்தில் அந்த அம்மா நின்றா. கும்பிட்டு முடித்தவ மாதிரித் தெரியவில்லை. யாரையோ பார்த்துக்கொண்டு நின்றவ, என்னைக் கண்டதும் நேரே வந்தா.

"தம்பி, நீங்கள்தானே அண்டைக்கு அவரோடை வந்தனீங்கள்? மூண்டு வெள்ளியா வந்து நிக்கிறன். அவர் எங்கை?"

சொன்னேன். மாசியில் என்றேன். அவவுக்கு வருத்தமா, கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அப்ப ஆரைக் கேப்பன்?" என்றா. "பிள்ளையின்ரை நாள் எனக்குத் தெரியாது. வைகாசி பிறந்திட்டுது. அண்டைக்கு நான் கேக்காமல் துரத்திப்போட்டன்."

"எனக்குத் தெரியும் அம்மா" என்றேன். "சொல்லி வைச்சவர்."

அந்தப் பிறையைச் சொன்னேன். அடுத்த நாள் அதுவும் இல்லாமல் போனதைச் சொன்னேன். நாளைச் சொன்னேன். அவ சப்பாத்துத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றா. ஆட்கள் சின்னப்பிள்ளைகளோடு எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள், வந்தார்கள். எத்தனை மாதம் சுமந்ததை அந்த இரைச்சலுக்குள் கொடுத்து முடித்தேன் அண்ணை. பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் கடைசியாக எனக்குத் தந்த வேலையும் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

அவ முந்தானையால் முகத்தைத் துடைத்தா. பிறகு கேட்டா: "அவருக்குத் திவசம் ஆர் செய்யிறது?"

"ஒருத்தரும் இல்லை அம்மா. மருமகன் ஒருத்தன் கனடாவில. அவனுக்கு உதெல்லாம் தெரியாது. நான் உரித்துக்காரன் இல்லை."

"நான் அவரை மன்னிக்கேல்லை தம்பி. மன்னிப்பன் எண்டும் சொல்ல ஏலாது" என்றா. குரல் தெளிவாக இருந்தது. "என்ரை பிள்ளைக்குப் பாதித் தேவாரமாவது சொன்ன மனிசன். அவரின்ரை திதி என்ன?"

மாசி வளர்பிறை, பூர்வபக்கத் தசமி என்றேன். அவ எழுதிக்கொள்ளவில்லை. பிள்ளையின் நாளையும் உங்கள் நாளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தா. தசமியில் ஒரு தரம் தடுமாறி என்னைப் பார்த்தா. நான் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனா.